பென்சில் இலவசம்

மார் தெல் பிளாத்தாவில் ஜூலை என்றால் குளிர்காலம்.
கடற்கரைப் படிக்கட்டில் கல்லாய் அமர்ந்த கடல்சிங்கங்களின்
மூக்கைக்கூடக் காற்று உரித்தெடுக்கும்.
உள்ளே, நான்காம் மேசையில், நான்.
என் சீருடையில் பைகளைத் தைத்து மூடியிருக்கிறார்கள்,
ஒரு சில்லுகூட என்னோடு வீட்டுக்கு வந்துவிடக் கூடாதென்று.

காபிக்குக் காசு. கோட்டு மாட்டக் காசு.
வாசலில் தரும் சின்னப் பென்சிலும்
கட்டம் போட்ட அட்டையும் மட்டும் இலவசம்.
ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஓவிதியோ லார்ரமெந்தி கேட்கவில்லை.
ரயில்வேயில் கால அட்டவணை எழுதியவர்,
முப்பத்தொரு வருடம்
அடுத்தவர் தாமதத்தைக் கூட்டிக் கழித்து நேராக்கியவர்.
சிவப்பில் பத்து வைப்பார்.
தோற்றால் இருபது, மறுபடி தோற்றால் நாற்பது.
"என்றைக்காவது சிவப்பு வந்துதானே ஆகணும், செனோரித்தா?
வந்ததும் போனதெல்லாம் திரும்பிவிடும்,
மேலே ஒரு பத்து."
சரிதான்.
கணக்கில் பிழையில்லை, கஷ்டமே அதுதான்.

பதினோரு வாரம் பத்துப் பத்தாக எடுத்துப்போனார்.
மனைவிக்கு மின்னடுப்பு வாங்கியதைச் சொன்னபோது
காது மடல் சிவந்திருந்தது.

பிறகு அந்த வியாழன்.
கறுப்பு.
கறுப்பு. கறுப்பு. கறுப்பு.
ஐந்தாவதில் பந்து தயங்கிப் பச்சையில் இறங்கியது:
சுழலுக்குள் ஒரு சுழி,
சிவப்புக்கு உறவில்லை, கறுப்புக்குப் பகையில்லை.
கறுப்பு.
கறுப்பு.

அறுநூற்று நாற்பதை நான் வாரிக்கொண்டபோது
அவர் என்னைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தார்.
ஆயிரத்து இருநூற்று எண்பதைத்
தண்டவாளம் மாதிரி நேராக அடுக்கினார்.
சம்பளம் வாங்குகிறேனே, சொன்னேன்:
"அதிகபட்சம் ஆயிரம், ஐயா."

நூற்று இருபத்தேழு வெற்றிகளை
ஏழு சுற்று தின்று முடித்திருந்தது.
சில்லுகளைக் கையில் பிடித்தபடியே நின்றார்.
நான் பந்தை விட்டேன்.
சிவப்பு.

அந்தப் பலகை இல்லாதிருந்தால் என்று இன்றும் சொல்கிறார்.
பலகை இல்லாத ஊரிலும்
பை என்று ஒன்று இருக்கும், பைக்கு அடி இருக்கும்.
முப்பத்தேழு குழிகள்;
ஜெயித்தவனுக்கு எண்ணிக் கொடுப்பது முப்பத்தாறு இருப்பதுபோல.
மிச்ச ஒன்றில்தான் எரிகின்றன தலைக்குமேல் விளக்குகள்,
என் தம்பியின் பல் கட்டியதும் அதில்தான்.

சக்கரம் சாய்ந்திருக்கிறது என்று
ஒரு பொறியாளர் நாலு மாதம் குறித்தார்.
உண்மையாகவே கொஞ்சம் சாய்ந்திருந்தது.
ஒரு செவ்வாய் விடியலில் ரசமட்டம் வைத்துப் பார்த்து
சக்கரத்தையே மாற்றிவிட்டார்கள்.
நாலு மாதக் கணக்கு
இப்போது வேறொரு சக்கரத்தின் சரித்திரம்.

ஆகஸ்டில் லார்ரமெந்தி திரும்பி வந்தார்.
இரட்டிப்பு முட்டாள்தனம் என்றார்,
இனி ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து,
மெதுவாக ஏறினால் மூச்சு வாங்காதாம்.
ஏணி வேறு. சுவர் அதே சுவர்.
அடுப்பைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

அதிகாலை மூன்றரை. பேருந்து நிறுத்தம்.
திங்கள் தாமதம், செவ்வாய் தாமதம், நேற்றும் தாமதம்.
அப்படியானால் இன்று நேரத்துக்கு வந்தே தீரும்
என்று உதடு தானாகக் கணக்குப் போடுகிறது.
ஓவர்கோட்டுப் பையை யாரும் தைக்கவில்லை.
குளிருக்குக் கை விட்டால்
விரலில் தட்டுகிறது ஒரு சின்னப் பென்சில்.